ஒன்பதை இரண்டென்று எழுதினேன்

முதலில் திருத்தம். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் தொடங்கி எட்டு வாரம், ஐம்பத்தாறு நாட்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழித்தேன் என்று ஒரு பச்சை அட்டைக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஐம்பத்தாறு எண்களில் ஒன்றுகூடச் சரியானதில்லை. ஒன்பது என்று எழுத வேண்டிய நாளில் இரண்டு என்று எழுதினேன். பதினொன்றை மூன்று என்று எழுதினேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகள் செங்கல்பட்டுப் பகுதிச் செய்திகளை எழுதியும் திருத்தியும் பிழைத்தவன். வேன் கவிழ்ந்தால் காயம் நான்கு பேருக்கா ஐந்து பேருக்கா என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்காமல் செய்தியை அனுப்பியதில்லை. மற்றவர்களைப் பற்றிய எண்களில் நான் கறாரானவன். என்னைப் பற்றிய எண் வந்தபோதுதான் பொய் சொன்னேன். அதில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு இப்போது பெருங்குடல் இல்லை.

நோய் தெரியவந்த விதமே வெட்கத்தில் தொடங்கியது. மலத்தில் இரத்தம் கண்ட நாளிலிருந்து எட்டு மாதம் அதை மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாமல்லபுரத்தில் என்னைத் தெரியாத மருந்துக்கடை இல்லை என்பதால் திருக்கழுக்குன்றம் வரை பேருந்தில் போய் மாத்திரை வாங்கினேன். வீட்டில் என் மனைவி கல்யாணி எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் அலமாரியைத் திறந்தால் என் வெளிர் நிறப் பேண்ட்டுகள் மூன்றும் இல்லை. அவற்றின் இடத்தில் கறுப்பில் இரண்டும் அடர்நீலத்தில் ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. 

எடை ஏழு கிலோ குறைந்த பிறகு செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். முந்தின நாள் முழுக்க எலுமிச்சை வாசனையடிக்கும் உப்புக் கரைசலைக் குடிக்க வைத்து குடலைக் கழுவினார்கள். மறுநாள் நுனியில் கேமரா வைத்த குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். திரையில் தெரிந்தது பூச்சு உரிந்த சுவர் போலிருந்தது. நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் பெருங்குடலின் உள்தோலையே தாக்குகிறது. தோல் புண்ணாகிறது, இரத்தம் கசிகிறது, குடலால் எதையும் தாங்கிவைக்க முடிவதில்லை. சில மாதம் அடங்கும், பிறகு கிளம்பும். அடங்குவதும் கிளம்புவதும் மருந்தினால்தான் என்று சொல்ல முடியாது, தானாகவும் நடக்கும். மருத்துவர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளுக்குக் கூடுதலாக ஒரு புதிய மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அங்கே நடந்துகொண்டிருந்தது. சேர விருப்பமா என்று கேட்டார்கள். ஆய்வை ஒருங்கிணைப்பவர் சங்கீதா. மருந்தியல் படித்தவர், ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருபவர், என் மகள் வயது. பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். சேருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, சங்கீதாவுக்கும் தெரியாது.

எதற்கு இந்தக் கண்ணாமூச்சி என்று கேட்டேன். உண்மையான மாத்திரை என்று தெரிந்தால் நோயாளிக்குப் பாதி வலி அப்போதே போய்விடும், மருத்துவரும் நல்லதையே பார்ப்பார் என்றார்.

பன்னிரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை வர வேண்டும். தினமும் படுக்கப் போகும் முன் குறிப்பேட்டில் அன்றைய வரிசையை நிரப்ப வேண்டும்: எத்தனை முறை, இரத்தம் உண்டா, வலி எவ்வளவு. மருந்து வேலை செய்ததா என்று தீர்மானிக்கும் முதன்மையான அளவுகோல் அந்தப் புத்தகம்தான் என்று சங்கீதா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு கருவிகளை வைத்துக்கொண்டு கடைசியில் நோயாளி எழுதும் எண்ணை நம்புகிறார்களா என்று நினைத்தேன்.

தனசேகரை முதல் புதன்கிழமையே சந்தித்தேன். ஆய்வு அறைக்கு வெளியே பத்து நாற்காலிகள் இருந்தன. கழிவறைக் கதவுக்கு மிக அருகில் இருந்த நாற்காலிக்கு நானும் அவரும் ஒரே நேரத்தில் போனோம். அவர் நின்றார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், உங்களுக்கும் இந்த சீட்டுதானா?"

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குடியிருப்புகளுக்கு ஒப்பந்தத்தில் மின்வேலை செய்பவர், வயது முப்பத்தெட்டு. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். தனசேகர் ஐடிஐ படித்து ஏணி ஏறினார். அந்த ஏணிதான் இப்போது பிரச்சினை. மேலே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வயிறு கூப்பிட்டால் இறங்கி ஓட நேரமிருக்காது. உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு பாத்ரூம் இன்ஜினியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருடைய மனைவி மெர்சி பக்கத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் தனசேகர் தன் படிவத்தை எடுத்து என் மடியில் வைத்தார். சங்கீதா அவருக்கும் ஒன்றரை மணி நேரம் விளக்கியிருந்தார். ஆனாலும் தன் தரப்பு ஆள் ஒருவர் படித்துச் சொன்னால்தான் அவருக்கு மனம் ஒப்பியது. நான் அவருடைய தரப்பு ஆள் ஆனேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் பொய் இரண்டாவது வாரம் தொடங்கவில்லை, முதல் நாளே தொடங்கியது. இரவு புத்தகத்தைத் திறந்தேன். பேனா ஒன்பது என்று எழுதத் தயாராக இருந்தது. அடுத்த முறை சங்கீதா இதைக் கல்யாணியின் முன்னால் வாய்விட்டுப் படிப்பார் என்று நினைத்தேன். நான்கு என்று எழுதினேன். மறுநாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. புதன்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பேருந்தில், கதவுக்குப் பக்கத்து இருக்கையில், மீதிப் பதின்மூன்று வரிசைகளையும் நிரப்பினேன். தொழில் தெரிந்தவன் என்பதால் ஒரே எண்ணாகப் போடவில்லை. நான்கு, மூன்று, நான்கு, ஐந்து, மூன்று. இடையில் பேனாவை மாற்றினேன். ஒரு வரிசையில் வேண்டுமென்றே கொஞ்சம் மை தேய்த்தேன்.

சங்கீதா படித்துவிட்டு, பரவாயில்லையே சார், கொஞ்சம் குறைஞ்சிருக்கே என்று புன்னகைத்தார். மருத்துவரும் தட்டிக்கொடுத்தார். அடுத்த இரண்டு வாரத்தில் நான் இன்னும் குறைத்தேன். வெட்கம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்தப் புன்னகை. எனக்காக இவ்வளவு சிரமப்படுகிறவர்களை ஏமாற்றமடையச் செய்யக் கூடாது என்று ஒரு மரியாதை. நம் வீடுகளில் விருந்தாளிக்குச் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் மருத்துவத்திலும் அப்படியே எழுந்தேன்.

நான்காவது வாரம் முடிந்து வந்த புதன்கிழமை, உள்ளே போகும் முன் எதிரே இருந்த தேநீர்க் கடையில் தனசேகர் தன் புத்தகத்தை என்னிடம் காட்டினார். இருபத்தெட்டு வரிசைகள். எட்டு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு இரவும் எழுதியிருந்தார். ஒரு நாள் பென்சிலில்கூட இருந்தது. போன முறை புத்தகத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததால் சங்கீதா அதை இன்னும் பார்த்திருக்கவில்லை.

"இத்தினி எழுதினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே சார்?"

நான் படிவத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு நாள் தொடர்ந்து ஆறு முறைக்கு மேல் இரத்தத்துடன் போனால் உடனே இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்; ஆய்வு மாத்திரையை நிறுத்தி, பங்கேற்பாளரை மருத்துவமனையில் சேர்த்து மாற்றுச் சிகிச்சை தருவார்கள் என்று அங்கே இருந்தது. அது ஆபத்து வந்தால் பிடித்துக்கொள்ள வைத்த கயிறு. முழுப் பத்தியையும் நான் படித்தேன், புரிந்தும்கொண்டேன். அவருக்குச் சொன்னது மட்டும் தலைப்பு. பதினான்கு பக்கத்தை ஒரு வரியாக்குவது என் தொழில்.

"ஆறுக்கு மேல எழுதினா வெளியே அனுப்பிடுவாங்க" என்றேன்.

தனசேகரின் முகம் மாறியது. ஆய்வில் இருப்பதால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பெரிய மருத்துவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆய்வில் இருப்பதால்தான் ஒப்பந்தக்காரரிடம் காட்ட விடுப்புக் கடிதம் கிடைத்தது. இனி நடந்தது என் யோசனை. புத்தகம் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லிப் புதுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். வாங்கினார். போன நாட்களை நினைவிலிருந்து எழுதக் கூடாது, இன்றிலிருந்து எழுதுங்கள் என்று சங்கீதா சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு வந்த இரண்டு புதன்கிழமைகளில், அதே தேநீர்க் கடையில், நான் எண்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒவ்வொரு முறையும் பதினான்கு வரிசைகள். ஐந்து, நான்கு, நான்கு, மூன்று. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

எங்கள் இரத்தத்தில் பொய் இல்லை. இருவருக்கும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே இருந்தது. இரத்தம் ஒன்று சொல்கிறது, புத்தகம் வேறு சொல்கிறதே என்று மருத்துவர் என்னிடம் நேராகவே கேட்டார். சாப்பாடு சரியில்லை என்றேன். மலத்தில் குடல் வீக்கத்தைக் காட்டும் ஒரு புரதத்தை அளக்க மாதிரி கொண்டுவரச் சொன்னார். இரண்டு முறையும் மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

எட்டாவது வாரம் முடிந்த மூன்றாம் நாள், வீட்டுக் கழிவறையிலிருந்து என்னால் எழுந்து வர முடியவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு. கல்யாணி கதவைத் தட்டி, பிறகு தாழ்ப்பாளை உடைக்க ஆள் கூப்பிட்டாள். ஆம்புலன்சில் போகும்போது என் காலைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். எத்தனை தடவை என்று ஆம்புலன்ஸ் ஊழியர் கேட்டபோது நான் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள்: காலையிலேர்ந்து பதினாலு. நான் எண்ணாத எண்ணை அவள் சமையலறையில் இருந்தபடி எண்ணியிருக்கிறாள். எத்தனை நாளாக எண்ணினாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

வார்டில் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வாயால் எதுவும் கிடையாது. பெருங்குடல் பலூன் போல உப்பிவிடுகிறதா என்று பார்க்கத் தினம் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டில் கம்பியில் ஒரு அட்டை தொங்கியது. கழிவறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் செவிலியர் அதில் ஒரு கோடு போட்டார். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி என் எண் அங்கே தொங்கியது. யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாருக்கும் அதில் அக்கறையே இல்லை. எட்டு வாரமாக நான் மறைத்தது இதைத்தான்.

நான்காம் நாள் எனக்குக் கோடுகள் குறையத் தொடங்கின. அன்று காலை பத்து மணிக்குத் தனசேகரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். வயிறு உப்பியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. கூட வந்த மெர்சியின் தோளில் ஒரு ரெக்சின் பை.

மருத்துவர் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கடைசி எண் மூன்று. மூன்று முறை போய்க்கொண்டிருந்தவர் சில நாளில் இந்த நிலைக்கு வந்தால் புதிதாக ஏதோ கிருமி தாக்கியிருக்கலாம். அதற்குப் பரிசோதனை செய்து, முடிவு வரும் வரை ஸ்டீராய்டைக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். வாரக்கணக்காக இப்படித்தான் இருந்தார் என்றால் கதை வேறு. குடல் களைத்துவிட்டது என்று பொருள், அறுவை மருத்துவரை அப்போதே கூப்பிட வேண்டும். எப்போதிருந்து என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டு மாசமா இப்டித்தான் கீறாரு சார்" என்றார் மெர்சி.

மருத்துவர் தனசேகரைப் பார்த்தார். தனசேகர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ரெண்டு நாளாத்தான் சார் என்றார். மருத்துவர் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். அவரே தினம் எழுதியிருக்கிறாரே அம்மா என்றார். அதில் அதட்டல் இல்லை. ஆனால் மனைவி சொல்வதற்கும் நோயாளி எழுதியதற்கும் நடுவில் அவர் எழுத்தை நம்பினார். நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

எனக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில் ஐந்தடி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தேன். வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் பக்கவாட்டில் ஏணிப் படிகள் இருந்தன. பத்தொன்பது படிகள். எண்ணியதால் தெரியும்.

மாலையில் மெர்சி தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில் என் கட்டிலருகே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"படிச்சவருன்னு உங்களத்தான சார் கேட்டாரு. நான் சொன்னா கேக்கல."

 சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு சங்கீதா வார்டுக்கு வந்தபோது சொன்னேன். என் ஐம்பத்தாறு, அவருடைய இருபத்தெட்டு, தேநீர்க் கடை, தண்ணீரில் விழாத புத்தகம் எல்லாம். அவர் உட்காரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தனசேகருடைய உண்மையான எண் என்ன? எனக்குத் தெரியாது. தேநீர்க் கடையில் ஒரு முறைகூட அவரிடம் நான் அதைக் கேட்டிருக்கவில்லை. மெர்சி ரெக்சின் பையைத் திறந்து முதல் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அட்டையில் ஒரு துளி ஈரம் பட்ட தடம்கூட இல்லை. எட்டு, ஏழு, எட்டு, ஒன்பது. அதன் பிறகு உண்மை எழுதப்படாத நான்கு வாரத்துக்கு, சமையலறைக் காலண்டரில் தான் குறித்துவைத்த புள்ளிகளையும் மெர்சி சொன்னார். சங்கீதா மருத்துவரிடம் வேகமாக நடந்தார். பதினொரு மணிக்கு அறுவை மருத்துவர் வந்தார். பிற்பகல் எக்ஸ்ரேயில் குடல் இன்னும் உப்பியிருந்தது. மாலையில் அறுவை சிகிச்சை நடந்தது. பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் வெளியே கொண்டுவந்து ஒரு பையைப் பொருத்தினார்கள். பிற்பாடு உள்ளேயே இணைக்க முடியலாம், முடியாமலும் போகலாம்.

பத்து மணியிலிருந்து மறுநாள் ஒன்பதரை வரை. இருபத்து மூன்றரை மணி நேரம். உடனே சொல்லியிருந்தால் குடல் தப்பியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்று சங்கீதாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"நிஜமாவே தெரியாது சார். அதே நாள்ல சொன்ன இன்னொரு தனசேகர் இருந்தாத்தான் ஒப்பிட முடியும். ஒரே ஒருத்தர வெச்சு சொல்ல முடியாதுன்னுதான் இத்தன பேர கேக்கறோம்."

வீட்டுக்கு வந்த பிறகு கல்யாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொண்ணு முன்னாடி சொல்ல வெட்கம்னா என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்றாள். பிறகு மோர் சாதத்தைக் குழைத்துக் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். சங்கீதா புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர்களுக்கு வியாழக்கிழமைகளில் வகுப்பெடுப்பார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். கதவுக்குப் பக்கத்து நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தார்.

முதல் வகுப்பில் ஒரு பயிற்சி. ஒரு செய்தியைச் சொல்லி, அதில் எது விடுபட்டது என்று கேட்டார். எனக்கு உடனே நான் எழுதிய ஒன்று நினைவுக்கு வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் குடல்புண்ணுக்குக் கஷாயம் கொடுப்பவரைப் பற்றிய அரைப் பக்கக் கட்டுரை. ஒன்பது பேரைப் பேட்டி எடுத்தேன். ஒன்பது பேருமே குணமானவர்கள். பெயர், ஊர், வயது எல்லாம் துல்லியம். வகுப்பு முடிந்ததும் சங்கீதாவிடம் அதைச் சொன்னேன்.

"அவர்கிட்ட மொத்தம் எத்தன பேர் போனாங்க சார்?" என்று கேட்டார்.

நான் கேட்டிருக்கவில்லை. குணமாகாதவர்கள் பேட்டி கொடுக்க அந்த வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தானாகவே அடங்கும் நோயில், அடங்கிய ஒன்பது பேரை மட்டும் பார்த்தால் கஷாயமும் வேலை செய்யும், சும்மா இருந்ததும் வேலை செய்யும். அதற்காகத்தான் பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தெரியாமலே தேறக்கூடியவர்களுக்கு நல்லதைக் கொடுத்துவிடுவார், அதற்காகத்தான் குலுக்கல். நாங்கள் செய்தி வந்த பிறகு அதில் எது எடுப்பாக இருக்கிறதோ அதைத் தலைப்பாக்குவோம். இங்கே தலைப்பை முதலிலேயே எழுதிப் பூட்டிவிட வேண்டும்: எதை அளப்போம், எத்தனை வாரத்தில் அளப்போம், எவ்வளவு குறைந்தால் பலன் என்போம். முடிவு வந்த பிறகு வேறு தலைப்புக்கு மாறினால் அது ஏமாற்று. இத்தனை ஏற்பாடும் கடைசியில் ஒரு நோயாளி படுக்கப் போகும் முன் எழுதும் ஒரு எண்ணில் வந்து நிற்கிறது. நான் பேருந்தில் மை தேய்த்த எண்.

என் பொய் யாருக்குச் சாதகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது மருந்தாக இருந்தால், வேலை செய்யாத மருந்தை வேலை செய்ததாகக் காட்டினேன். மருந்தில்லாததாக இருந்தால், நல்ல மருந்து ஒன்றை வீண் என்று காட்ட உதவினேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குத் தெரியாத ஒருவருக்கு நாளை தவறான மாத்திரை போகும். என்னிடம் இருந்தது எது என்று இன்னும் தெரியாது. ஆய்வு முடிந்தால்தான் யாருக்கு எது என்ற உறையைப் பிரிப்பார்கள்.

என்னையும் தனசேகரையும் ஆய்விலிருந்து மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்று சங்கீதாவிடம் கேட்டேன். எடுக்க முடியாது என்றார். குலுக்கலில் சேர்ந்தவர்கள் எல்லாரும் கடைசிக் கணக்கில் இருப்பார்கள். பாதியில் நின்றவர்களும், மாத்திரையைத் தூக்கியெறிந்தவர்களும், பொய் சொன்னவர்களும். சரிப்பட்டு வராதவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். நடந்ததை நெறிமுறைக் குழுவுக்கு எழுதியாகிவிட்டது, மீதியை அவர்கள் முடிவு செய்வார்கள் என்றார்.

ஆனால் ஒன்று செய்யலாம், செய்ய வேண்டும். தவறான பதிவைத் திருத்த வேண்டியவர் எழுதியவரே. வெள்ளை மை கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, இன்றைய தேதி, காரணம். சரியான எண்ணை நினைவிலிருந்து எழுத அனுமதி இல்லை. தெரியாதது தெரியாததாகவே இருக்கும். எங்கள் பத்திரிகையில் திருத்தம் உள்பக்கத்தின் அடியில், தவறுதலாக வெளியாகிவிட்டது என்று இரண்டு வரியில் வரும். பழைய தவறு முந்தின நாள் காகிதத்தோடு போய்விடும். இங்கே தவறும் அதன் மேல் கோடும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை இருவரையும் வரச் சொன்னார். தனசேகர் மெலிந்திருந்தார். பை தெரியாமலிருக்கச் சட்டையை வெளியே விட்டிருந்தார். கூட மெர்சி. கழிவறைப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீ குந்திக்க அண்ணாத்த. எனக்கு இனிமே தேவையில்ல."

அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். நான் உட்காரவில்லை.

உள்ளே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். என் புத்தகத்தில் முதல் வரிசைக்கு எதிரே, காரணம் என்ற இடத்தில், பேனா தானாகவே தவறுதலாக என்று தொடங்கப் பார்த்தது. பழக்கம். நிறுத்தி, தெரிந்தே எழுதியது என்று எழுதினேன். ஐம்பத்தாறு முறை எழுதினேன்.

முடித்து நிமிர்ந்தபோது தனசேகர் முதல் வரிசையில் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

"காரணம்னு கீதே அண்ணாத்த. இன்னா எழுதறது?"

மெர்சி என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லி எழுதினதுன்னு எழுதுங்க. என் பேரப் போடுங்க" என்றேன்.

பெயர் கூடாது, ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான் என்றார் சங்கீதா. அந்த நொடியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"உன் நம்பர் இன்னா?" என்று கேட்டார் தனசேகர்.

"பதினேழு."

பதினேழு சொல்லி எழுதியது என்று எழுதினார். அடுத்த வரிசையிலும் அதையே எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, அவசரமில்லாமல் எழுதினார். மெர்சி விரலை வைத்து வரிசையைக் காட்டிக்கொண்டே வந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தெட்டு. இந்த எண் சரியானது.